வினைபடுபொருள்களை மட்டும் கொடுத்தால் விளைபொருள்களை எவ்வாறு கண்டறிவது?

கேள்வி: இளவேதியன்

வணக்கம். சமன்பாட்டின் இரு பக்கங்களும் கொடுக்கப்பட்டிருந்தால் கெழுக்களைப் போட்டுச் சமன்படுத்துவதில் எனக்குப் பெரிய தொல்லை இல்லை. இடப்பக்கத்தை மட்டும் கொடுத்து, "வினை நிகழுமா? நிகழுமெனில் விளைபொருள்களை எழுதிச் சமன்படுத்துக" என்று கேட்கும்போதுதான் எதைப் பிடித்துக்கொண்டு தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிடுகிறேன். சேர்க்கை, சிதைவு, இடப்பெயர்ச்சி, இரட்டை இடப்பெயர்ச்சி, எரிதல் என்ற ஐந்து வகைகளையும் அவற்றின் பொது வடிவங்களையும் அறிவேன். ஆனால் அந்த வடிவங்களுக்குப் பொருந்தும்படி எழுதப்படும் சமன்பாடுகளில் சில, அணுக்களின் எண்ணிக்கை இரு பக்கமும் ஒத்திருந்தும், "இப்படி ஒரு வினையே கிடையாது" என்று ஒதுக்கப்படுகின்றன.

மூன்றை எடுத்துக்காட்டாகத் தருகிறேன். வாய்ப்பாடுகளின் கீழ்க்குறிகள் இங்கே சரியாகத் தெரிவதில்லை என்பதால் பெயர்களாகவே எழுதுகிறேன்.

முதலாவது, சோடியம் குளோரைடு கரைசலையும் பொட்டாசியம் நைட்ரேட் கரைசலையும் கலப்பது. அயனிகளை இடம் மாற்றி எழுதினால் சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் வருகின்றன. கெழு எதுவும் போடாமலேயே சமனாகிறது. இதை வினை என்று ஏன் ஏற்பதில்லை?

இரண்டாவது, காப்பர் சல்பேட் கரைசலில் சோடியம் துண்டைப் போடுவது. வினைதிறன் வரிசையில் சோடியம் தாமிரத்துக்கு மிக மேலே இருக்கிறது. எனவே சோடியம் சல்பேட்டும் தாமிரமும் கிடைக்க வேண்டும் அல்லவா? விடைக்குறிப்பிலோ ஹைட்ரஜன் வாயு, நீல வீழ்படிவு என்று வேறொன்று இருக்கிறது.

மூன்றாவது, இரும்பு. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்துடன் அது ஃபெரஸ் (இரும்பு +2) குளோரைடைத் தருகிறது. குளோரின் வாயுவுடன் ஃபெரிக் (இரும்பு +3) குளோரைடைத் தருகிறது. எங்கே இரண்டு, எங்கே மூன்று என்பதை மனப்பாடம் செய்வதைத் தவிர வழி உண்டா?


பதில்: முகவை

முதல் இரண்டு கேள்விகளை நான் எடுத்துக்கொள்கிறேன். இரும்பைப் பற்றி என்னைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

விளைபொருளைத் தேடத் தொடங்கும் முன், முகவைக்குள் எவை எந்த நிலையில் இருக்கின்றன என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். சோடியம் குளோரைடு கரைசல் என்று பெயர் சொன்னாலும், அந்த நீருக்குள் சோடியம் குளோரைடு என்று தனியாக ஒரு பொருள் கிடையாது. நீர் மூலக்கூறுகள் சூழ்ந்த சோடியம் அயனிகளும் குளோரைடு அயனிகளும்தான் உள்ளன. பொட்டாசியம் நைட்ரேட் கரைசலிலும் இதே நிலைதான். இரண்டையும் கலந்த பிறகு நான்கு வகை அயனிகள் ஒரே நீரில் திரிகின்றன. நீங்கள் வலப்பக்கத்தில் எழுதிய சோடியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் குளோரைடும் நீரில் நன்கு கரைபவை என்பதால் அவையும் அதே நான்கு அயனிகளே. இரு பக்கத்துக்கும் பொதுவானவற்றை அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் அம்புக்குறியைத் தவிர ஒன்றும் மிஞ்சாது. ஆகையால்தான் அதை வினை என்று ஏற்பதில்லை.

இரட்டை இடப்பெயர்ச்சி நடைபெற வேண்டுமானால், சில அயனிகள் கரைசலைவிட்டு விலகுவதற்கு ஒரு வழி இருக்க வேண்டும். பள்ளி அளவில் அந்த வழிகள் பெரும்பாலும் மூன்றுதான்: கரையாத வீழ்படிவாகப் படிவது, வாயுவாக வெளியேறுவது, நீரைப் போல அயனியாக எளிதில் பிரியாத மூலக்கூறாக இணைந்துவிடுவது. லெட் நைட்ரேட் கரைசலில் பொட்டாசியம் அயோடைடு கரைசலை ஊற்றியதும் பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவு தோன்றுகிறது.

லெட் நைட்ரேட் + 2 பொட்டாசியம் அயோடைடு → லெட் அயோடைடு + 2 பொட்டாசியம் நைட்ரேட்

இங்கே உண்மையில் நடந்தது ஒரு லெட் அயனி இரண்டு அயோடைடு அயனிகளோடு சேர்ந்து படிந்தது மட்டுமே; அதுதான் நிகர அயனிச் சமன்பாடு. பொட்டாசியமும் நைட்ரேட்டும் வினையில் பங்கேற்காமல் அப்படியே இருக்கும் பார்வையாளர் அயனிகள். எனவே இத்தகைய கணக்குகளில் கரைதிறன் விதிகள் இல்லாமல் ஓரடிகூட எடுத்து வைக்க இயலாது. சோடியம், பொட்டாசியம், அம்மோனியம் உப்புகளும் எல்லா நைட்ரேட்டுகளும் கரையும். குளோரைடுகளில் சில்வர், லெட், மெர்குரஸ் ஆகியவை விலக்கு. அவற்றுள் லெட் குளோரைடு வெந்நீரில் ஓரளவு கரையும். சல்பேட்டுகளில் பேரியம், ஸ்ட்ரான்சியம், லெட் ஆகியவை கரையாதவை. கால்சியம் சல்பேட் சிறிதளவே கரையும். கார்பனேட்டுகள், பாஸ்பேட்டுகள், ஹைட்ராக்சைடுகள் ஆகியவற்றைப் பொதுவாகக் கரையாதவை என்றே கொள்ளலாம், முதலில் சொன்ன கார உலோக மற்றும் அம்மோனிய உப்புகளும் பேரியம் ஹைட்ராக்சைடும் நீங்கலாக. மனப்பாடம் வேண்டாம் என்று விரும்புகிறீர்கள், ஆனால் இந்த ஒரு பத்தியை மனப்பாடம் செய்துதான் ஆகவேண்டும்.

வாயு வெளியேறும் வினைகளில் ஒரு சிறு மறைவு இருக்கிறது. சோடியம் கார்பனேட்டையும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தையும் அயனி மாற்றி எழுதினால் சோடியம் குளோரைடும் கார்பானிக் அமிலமும் வரும். கார்பானிக் அமிலம் நிலைக்காமல் கார்பன் டைஆக்சைடாகவும் நீராகவும் சிதைவதால், சமன்பாட்டில் அதற்குப் பதில் அவ்விரண்டையும் எழுதுகிறோம்.

சோடியம் கார்பனேட் + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → 2 சோடியம் குளோரைடு + நீர் + கார்பன் டைஆக்சைடு

சல்பைட்டுடன் அமிலம் சேர்ந்தால் சல்பர் டைஆக்சைடும் நீரும், அம்மோனிய உப்புடன் காரத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அம்மோனியாவும் நீரும் கிடைப்பது இதே முறையில்தான். தாளில் சரியாக இருக்கும் வினைகூட முகவையில் பாதியில் நின்றுவிடலாம் என்பதற்குப் பளிங்குக் கல் ஒரு சான்று. நீர்த்த கந்தக அமிலத்தில் அதைப் போட்டால் முதலில் நன்றாக நுரைக்கும். பிறகு கல்லின் மேல் கால்சியம் சல்பேட் படலம் மூடிக்கொள்வதால் வினை தளர்ந்துவிடும்.

இனி சோடியம். உங்கள் சமன்பாட்டில் விடுபட்டது நீர்தான். காப்பர் சல்பேட் கரைசலில் காப்பர் அயனிகளைவிட நீர் மூலக்கூறுகளே மிக மிக அதிகம். சோடியம் நீருடனேயே மூர்க்கமாக வினைபுரியும் உலோகம்.

2 சோடியம் + 2 நீர் → 2 சோடியம் ஹைட்ராக்சைடு + ஹைட்ரஜன்

2 சோடியம் ஹைட்ராக்சைடு + காப்பர் சல்பேட் → காப்பர் ஹைட்ராக்சைடு + சோடியம் சல்பேட்

விடைக்குறிப்பில் உள்ள நீல வீழ்படிவு அந்தக் காப்பர் ஹைட்ராக்சைடுதான். வெளிப்படும் வெப்பத்தால் அதன் ஒரு பகுதி கருநிறக் காப்பர் ஆக்சைடாக மாறுவதும் உண்டு. வினைதிறன் வரிசையில் மேலே இருப்பது கீழே இருப்பதை இடம்பெயர்க்கும் என்ற விதியை, லித்தியம், சோடியம், பொட்டாசியம், கால்சியம் போன்று குளிர்ந்த நீருடனேயே வினைபுரியும் உலோகங்களுக்கு நீர்க்கரைசலில் பயன்படுத்தக் கூடாது. மெக்னீசியத்திலிருந்து கீழ்நோக்கி அதை நம்பலாம். அலுமினியம் சற்று ஏமாற்றும். அதன் மேலுள்ள ஆக்சைடு படலம் காரணமாகக் காப்பர் சல்பேட் கரைசலில் ஒன்றும் நடவாததுபோல் கிடக்கும். சிறிது சோடியம் குளோரைடைச் சேர்த்தால் குளோரைடு அயனிகள் அந்தப் படலத்தைத் தகர்க்க உதவுவதால் சிறிது நேரத்தில் செந்நிறத் தாமிரம் படியத் தொடங்கும்.


பதில்: அரைவினை

மூன்றாவது கேள்விக்கு: மனப்பாடம் தேவையில்லை, எலக்ட்ரானைப் பறிக்கும் பொருள் எவ்வளவு வலியது என்று பார்த்தால் போதும்.

அமிலத்தில் இரும்பிடமிருந்து எலக்ட்ரானைப் பெறுவது ஹைட்ரஜன் அயனி. அதன் திட்ட ஒடுக்க மின்னழுத்தம் (எலக்ட்ரானைப் பெறும் நாட்டத்தைக் காட்டும் அளவு) சுழியம். ஃபெரஸ் அயனி இரும்பாக ஒடுங்குவதற்கான மதிப்பு −0.44 வோல்ட், ஃபெரிக் அயனி ஃபெரஸாக ஒடுங்குவதற்கான மதிப்பு +0.77 வோல்ட். இரும்பை ஃபெரஸ் நிலைக்குக் கொண்டுவர −0.44ஐவிட உயர்ந்த மதிப்புடைய ஆக்சிஜனேற்றி போதும். ஹைட்ரஜன் அயனி அதைச் செய்துவிடும். அங்கிருந்து ஃபெரிக் நிலைக்கு ஏற்ற வேண்டுமானால் +0.77ஐத் தாண்ட வேண்டும். அதற்கு ஹைட்ரஜன் அயனிக்கு வலுவில்லை. குளோரினின் மதிப்பு +1.36 வோல்ட் என்பதால் அது இரண்டு படிகளையும் ஏற்றிவிடுகிறது.

இரும்பு + 2 ஹைட்ரோகுளோரிக் அமிலம் → ஃபெரஸ் குளோரைடு + ஹைட்ரஜன்

2 இரும்பு + 3 குளோரின் → 2 ஃபெரிக் குளோரைடு

இதே அளவுகோலை அயோடினுக்கு வைத்துப் பாருங்கள். அதன் மதிப்பு +0.54 வோல்ட். முதற்படியைத் தாண்டும், இரண்டாம் படியைத் தாண்டாது. ஆகவே இரும்பும் அயோடினும் ஃபெரஸ் அயோடைடையே தருகின்றன. ஃபெரிக் அயனியையும் அயோடைடு அயனியையும் ஒரே கரைசலில் வைத்தால் முந்தையது பிந்தையதை அயோடினாக ஆக்சிஜனேற்றம் செய்துவிடும் என்பதும் இந்த எண்களிலேயே அடங்கியிருக்கிறது.

தாமிரத்துக்கும் இதே கணக்குதான். அதன் மதிப்பு +0.34 வோல்ட் என்பதால் ஹைட்ரோகுளோரிக் அமிலத்திலிருந்து அது ஹைட்ரஜனை வெளியேற்றாது. நைட்ரிக் அமிலத்தில் நைட்ரேட் அயனியே வலிய ஆக்சிஜனேற்றி; தாமிரம் அதில் கரைகிறது, ஆனால் வெளியேறும் வாயு ஹைட்ரஜன் அன்று. நீர்த்த அமிலத்தில் முதன்மையாக நைட்ரிக் ஆக்சைடும், அடர் அமிலத்தில் நைட்ரஜன் டைஆக்சைடும் வெளியேறுகின்றன.

3 தாமிரம் + 8 நைட்ரிக் அமிலம் → 3 காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரிக் ஆக்சைடு + 4 நீர்

தாமிரம் + 4 நைட்ரிக் அமிலம் → காப்பர் நைட்ரேட் + 2 நைட்ரஜன் டைஆக்சைடு + 2 நீர்

முதல் சமன்பாட்டில் எட்டு நைட்ரிக் அமில மூலக்கூறுகளில் இரண்டு மட்டுமே ஆக்சிஜனேற்றியாகச் செயல்பட்டு ஒடுங்குகின்றன. ஏனைய ஆறும் காப்பர் நைட்ரேட்டில் நைட்ரேட்டாகவே போய் அமர்கின்றன. இதைக் கவனிக்காமல் வெறும் எண்ணிக்கையால் சமன்படுத்த முயல்பவர்கள் பெரும்பாலும் இந்த எட்டில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.


பதில்: சோதனைக்குழாய்

மேலே சொன்னவை அனைத்தும் சரியே. எனினும் தேர்வுக்குப் படிக்கும் ஒருவருக்கு மின்னழுத்த அட்டவணை வரை போவது தேவைக்கு மிஞ்சியது என்பது என் கருத்து. ஐந்து வகைகளையும் கரைதிறன் விதிகளையும் தெரிந்து, வினைதிறன் வரிசையையும் கையில் வைத்திருந்தால் கேட்கப்படும் வினாக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு விடை எழுதிவிடலாம். வகைப்படுத்துவதைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். இடப்பக்கத்தைப் பார்த்ததும் எங்கே தொடங்குவது என்ற தயக்கத்தை அதுதான் போக்குகிறது. இரு அயனிச் சேர்மங்கள் என்றால் இரட்டை இடப்பெயர்ச்சியைச் சோதிக்கவும். தனிமமும் சேர்மமும் என்றால் இடப்பெயர்ச்சி. ஒரே பொருள், மேலே வெப்பக் குறி என்றால் சிதைவு.


பதில்: அரைவினை

எங்கே தேடுவது என்பதை வகைப்பாடு சொல்லும், மறுக்கவில்லை. என்ன கிடைக்கும் என்பதை அது சொல்வதாக நினைக்கும்போதுதான் சிக்கல். காப்பர் சல்பேட் கரைசலையும் பொட்டாசியம் அயோடைடு கரைசலையும் எடுத்துக்கொள்ளுங்கள். இரு அயனிச் சேர்மங்கள். வகைப்பாட்டின்படி குப்ரிக் (காப்பர் +2) அயோடைடும் பொட்டாசியம் சல்பேட்டும் வர வேண்டும். சோதனைக்குழாயில் ஊற்றிப் பார்த்தால் கரைசல் பழுப்பாகிறது. அப்பழுப்பு நிறத்தை நீக்கினால் அடியில் இருப்பது வெண்ணிற வீழ்படிவு. பழுப்பு நிறம் அயோடினால் வந்தது, வெண்ணிறம் குப்ரஸ் (காப்பர் +1) அயோடைடு.

2 காப்பர் சல்பேட் + 4 பொட்டாசியம் அயோடைடு → 2 குப்ரஸ் அயோடைடு + அயோடின் + 2 பொட்டாசியம் சல்பேட்

நான்கு அயோடைடு அயனிகளில் இரண்டு எலக்ட்ரானை இழந்து அயோடினாகின்றன; மற்ற இரண்டு, ஒடுங்கிய காப்பருடன் படிகின்றன. வெளியான அயோடினை சோடியம் தயோசல்பேட்டால் தரம்பார்த்து (செறிவு தெரிந்த கரைசல் எவ்வளவு செலவாகிறது என்று அளந்து) காப்பரின் அளவைக் கணக்கிடுவது ஆய்வகங்களில் நெடுங்காலமாக உள்ள முறை. ஆகவே தேர்வுக்கு அப்பாற்பட்ட வினை என்றும் இதை ஒதுக்க முடியாது. எளிதில் எலக்ட்ரானைப் பெறக்கூடிய அயனியும் எளிதில் இழக்கக்கூடிய அயனியும் ஒரே கரைசலில் சந்திக்கின்றனவா என்று ஒருமுறை பார்த்துவிட்டுப் பிறகு அயனிகளை இடம் மாற்றுங்கள்.


கேள்வியாளர்: இளவேதியன்

மூவருக்கும் நன்றி. சமன்படுத்துவது பற்றி ஓர் ஐயம். இரு பக்கமும் அணுக்கள் ஒத்துவிட்டால், விளைபொருள்களும் சரியாக இருந்தால், அந்தச் சமன்பாடு சரி என்று உறுதியாகக் கொள்ளலாமா?


பதில்: முகவை

பெரும்பாலான வினைகளில் கொள்ளலாம். விளைபொருள்களின் வாய்ப்பாடுகளை இணைதிறன் பார்த்து எழுதி முடித்தபின் கீழ்க்குறிகளில் கை வைக்கக் கூடாது, கெழுக்களை மட்டுமே மாற்ற வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. நீரின் வாய்ப்பாட்டில் ஓர் ஆக்சிஜனைக் கூட்டினால் கணக்கு ஒத்துவரலாம், ஆனால் அது ஹைட்ரஜன் பெராக்சைடு ஆகிவிடும். உடையாமல் இரு பக்கமும் வரும் பாஸ்பேட், சல்பேட் போன்ற தொகுதிகளை ஒரே அலகாக எண்ணினால் வேலை சுருங்கும். எரிதலில் ஆக்சிஜனைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள். பியூட்டேனில் கார்பனுக்கு 4, ஹைட்ரஜனுக்கு 5 என்று போட்டால் ஆக்சிஜன் ஆறரை மூலக்கூறாக வரும். முழுவதையும் இரண்டால் பெருக்கிவிடலாம்.

2 பியூட்டேன் + 13 ஆக்சிஜன் → 8 கார்பன் டைஆக்சைடு + 10 நீர்

உங்கள் ஐயத்துக்கு உரிய இடம் வேறொன்று. அமிலம் கலந்த பொட்டாசியம் பெர்மாங்கனேட்டில் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சேர்த்தால் ஊதா நிறம் மறைந்து ஆக்சிஜன் வெளியேறும். பின்வரும் இரண்டு சமன்பாடுகளிலும் அணுக்களை எண்ணிப் பாருங்கள்.

2 பொட்டாசியம் பெர்மாங்கனேட் + ஹைட்ரஜன் பெராக்சைடு + 3 கந்தக அமிலம் → பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனஸ் சல்பேட் + 4 நீர் + 3 ஆக்சிஜன்

2 பொட்டாசியம் பெர்மாங்கனேட் + 5 ஹைட்ரஜன் பெராக்சைடு + 3 கந்தக அமிலம் → பொட்டாசியம் சல்பேட் + 2 மாங்கனஸ் சல்பேட் + 8 நீர் + 5 ஆக்சிஜன்

முதலாவதில் பக்கத்துக்கு 22 ஆக்சிஜன் அணுக்கள், 8 ஹைட்ரஜன் அணுக்கள். இரண்டாவதில் 30 ஆக்சிஜன், 16 ஹைட்ரஜன். இரண்டும் சமன். பெராக்சைடுக்கு 3 போட்டு, நீருக்கு 6, ஆக்சிஜனுக்கு 4 என்று எழுதினாலும் சமன்தான். இப்படி எத்தனை வேண்டுமானாலும் எழுதிக்கொண்டே போகலாம். ஏனெனில் ஹைட்ரஜன் பெராக்சைடு தானாகவே நீராகவும் ஆக்சிஜனாகவும் சிதையும் சமன்பாட்டை எத்தனை மடங்கு இதனோடு கூட்டினாலும் அணுக்கணக்கு கெடுவதில்லை.

இவற்றில் இரண்டாவதைத் தேர்ந்தெடுக்க எலக்ட்ரான் கணக்கு வேண்டும். மாங்கனீசு +7 நிலையிலிருந்து +2 நிலைக்கு இறங்குகிறது; ஓர் அணுவுக்கு ஐந்து, இரண்டு அணுக்களுக்குப் பத்து எலக்ட்ரான்கள் தேவை. பெராக்சைடில் ஆக்சிஜன் −1 நிலையில் உள்ளது. அது ஆக்சிஜன் வாயுவாகி சுழிய நிலைக்கு வரும்போது ஒரு மூலக்கூறு இரண்டு எலக்ட்ரான்களைத் தரும். பத்து எலக்ட்ரான்களுக்கு ஐந்து பெராக்சைடு மூலக்கூறுகள். வெளியேறும் ஆக்சிஜன் முழுவதும் பெராக்சைடிலிருந்தே வருகிறது. பெர்மாங்கனேட்டின் எட்டு ஆக்சிஜன் அணுக்களும் நீருக்குள் போகின்றன. முதல் சமன்பாட்டின் மூன்று ஆக்சிஜன் மூலக்கூறுகளில் இரண்டு பெர்மாங்கனேட்டிலிருந்தே வந்ததாகக் கொள்ள வேண்டியிருக்கும்; வினையின் போக்குக்கு அது பொருந்தாது. தரம்பார்த்தலிலும் இரண்டுக்கு ஐந்து என்ற விகிதமே பயன்படுகிறது.

எனவே ஆக்சிஜனேற்ற ஒடுக்க வினை என்று தெரிந்தவுடன், அணுக்களை எண்ணுவதற்கு முன் எலக்ட்ரான்களைச் சமன்படுத்திவிடுவதே நல்லது.


கேள்வியாளர்: இளவேதியன்

பெர்மாங்கனேட்டைப் பிறகு அரைவினைகளாகப் பிரித்து எழுதிப் பார்க்கிறேன். இதற்கிடையில் நீங்கள் சொன்ன முறையில் ஒன்றைச் செய்து பார்த்தேன்: பேரியம் ஹைட்ராக்சைடு கரைசலும் மெக்னீசியம் சல்பேட் கரைசலும். முகவையில் பேரியம், ஹைட்ராக்சைடு, மெக்னீசியம், சல்பேட் ஆகிய அயனிகளும் நீரும் உள்ளன. எளிதில் எலக்ட்ரானைக் கொடுப்பதோ பெறுவதோ இவற்றில் இல்லை. பேரியம் சல்பேட் கரையாது; மெக்னீசியம் ஹைட்ராக்சைடும் கரையாது. ஆகையால்,

பேரியம் ஹைட்ராக்சைடு + மெக்னீசியம் சல்பேட் → பேரியம் சல்பேட் + மெக்னீசியம் ஹைட்ராக்சைடு

நிகர அயனிச் சமன்பாட்டில் எதை அடிப்பது என்றுதான் தெரியவில்லை.


பதில்: முகவை

அடிப்பதற்கு ஒன்றும் இல்லை. நான்கு அயனிகளும் படிந்துவிடுவதால் இங்கே பார்வையாளர் அயனியே கிடையாது. ஹைட்ராக்சைடுக்கு மட்டும் 2 போட்டு நான்கையும் அப்படியே எழுதுங்கள். சம மோல்களாகக் கலந்து, கலப்பதற்கு முன்னும் பின்னும் மின்கடத்துதிறனை அளந்தால், கரைசலில் எஞ்சியிருப்பது ஏறத்தாழ வெறும் நீர் என்பது அளவியிலேயே தெரிந்துவிடும்.